வெட்டி வைத்த துணி

கமலவேணிக்கு நிறம் பார்க்கத் தெரியாது. கண்ணில் கோளாறு ஒன்றுமில்லை, சிவப்பைச் சிவப்பென்றும் பச்சையைப் பச்சையென்றும் எல்லாரையும் போலத்தான் சொல்வாள். ஆனால் எந்தச் சிவப்புக்குப் பக்கத்தில் எந்தப் பச்சை உட்கார்ந்தால் இரண்டும் சண்டை பிடிக்காமல் இருக்கும் என்பது இந்த வயதுவரை அவளுக்குப் பிடிபட்டதில்லை, பிடிபட வேண்டிய அவசியமும் வந்ததில்லை, அதற்குத்தான் இந்திராணி அக்கா இருந்தாளே. இருந்தாளே என்று நினைத்தவுடன் யாரோ கேட்டுவிட்டதைப் போலத் திரும்பிப் பார்த்தாள். கடையில் கூட்டமில்லை. திருச்சியில் கத்திரி வெயில் மண்டையைப் பிளக்கிற மத்தியானத்தில் ரவிக்கைத் துணி எடுக்க யார் வருவார்கள், கல்யாணப் பெண்ணின் அம்மாக்கள் கூட சாயங்காலம்தான் வருவார்கள். சுவர் முழுக்கத் துணி. வாசல் பக்கம் வெள்ளையில் தொடங்கி, சந்தனம், மஞ்சள், மாம்பழம், கிளிப்பச்சை என்று நிறம் ஏறிக்கொண்டே போய், கல்லாப் பெட்டிக்குப் பின்னால் கறுப்பில் முடிகிற சுவர். இந்தச் சுவரைப் பார்த்தால் அக்காவுக்குப் பசி எடுக்கும், அவளே அப்படித்தான் சொல்வாள், எனக்கு இங்க வந்தாலே வயிறு கபகபன்னுதுடி என்று. இப்போது அக்காவுக்குப் பசியே இல்லை. நேற்று ரெண்டு வாய் கஞ்சி, அதையும் துப்பிவிட்டாள். சரி, துணியைப் பார், துணி எடுக்க வந்தவள் துணியைப் பார் என்று கமலவேணி தன்னையே அதட்டிக்கொண்டு பிளாஸ்டிக் ஸ்டூலில் உட்கார்ந்தாள்.

"பெரியக்கா வரலியாக்கா?" என்று கேட்டாள் ரெஜினா. இந்த மேட்சிங் சென்டரில் பல வருஷமாக நிற்கிறவள், அக்காவுக்கு எந்தத் தட்டில் என்ன வேண்டும் என்று வாய் திறப்பதற்குள் எடுத்துப் போடுகிறவள். "இந்த வெயில்ல எங்க வர்றது, அடுத்த தடவ வருவா," என்றாள் கமலவேணி. எவ்வளவு சுலபமாக வந்துவிட்டது. பொய் சொல்லப் பழகுவதற்குக் கொஞ்ச நாள்தான் ஆகும் போலிருக்கிறது, அப்புறம் அதுவாகவே நாக்கில் வந்து நிற்கிறது, ரெஜினாவிடம் எதற்குப் பொய், அவளுக்கும் அக்காவுக்கும் என்ன, அவள் போய் அக்காவிடம் சொல்லிவிடப் போகிறாளா. ஆனாலும் செழியன் எல்லாரிடமும் சத்தியம் வாங்கியிருக்கிறான். அக்காவின் ஒரே பிள்ளை, ஓசூரிலிருந்து ராத்திரி பஸ்ஸில் வந்து, ஆஸ்பத்திரி வராந்தாவின் கோடியில் சித்தியின் கையைப் பிடித்துக்கொண்டு, "அம்மாவுக்குத் தெரியக் கூடாது சித்தி, தெரிஞ்சா அன்னிக்கே ஒடஞ்சு போயிடுவாங்க," என்று அழுதவன். உள்ளே டாக்டர் அதற்குக் கொஞ்சம் முன்னால்தான் சொல்லியிருந்தார். வீட்டுக்குக் கூட்டிட்டுப் போங்க, பிடிச்சதைச் சாப்பிடக் குடுங்க. அக்கா வீட்டுக்காரர், மாமா, புரியாதவர் போல, எத்தனை நாள் சார் ஓய்வு எடுக்கணும் என்று கேட்டார். டாக்டர் மேஜையைப் பார்த்துக்கொண்டு, ஆடி தாண்டுமான்னு சொல்ல முடியாதுங்க என்றார். வெளியே சக்கர நாற்காலியில் அக்கா ஜன்னல் திரையை முறைத்துக்கொண்டிருந்தாள். "யாருடி இந்தத் திரைக்குத் துணி எடுத்தது, கண்ணவிஞ்சவனா?" என்றாள். மாமா முகத்தைத் துடைத்துக்கொண்டு போய், "ஒண்ணுமில்ல இந்திரா, குடல்ல புண்ணாம், மாத்திரையில சரியாயிடுமாம்," என்று சிரித்தார். அப்படி ஒரு சிரிப்பை அந்த மனுஷர் முகத்தில் கமலவேணி அதற்கு முன் பார்த்ததே கிடையாது. அக்கா அவரை ஒரு நிமிஷம் பார்த்தாள். அப்புறம் வீட்டுக்குப் போலாம் என்றாள்.

இப்போது வைகாசி. வைகாசி, ஆனி, ஆடி. கத்திரி வெயிலில் ஊரே வேகிறது, உறையூர் வீட்டு மாடியறையில் அக்காவுக்கு மட்டும் குளிர்கிறது. காற்றாடியை நிறுத்தச் சொல்கிறாள், ஜன்னலைச் சாத்தச் சொல்கிறாள், மாமாவின் கம்பளியைப் போர்த்தினால் குத்துகிறது என்கிறாள். போன வாரம் கமலவேணியின் கையைப் பிடித்து, "எனக்கு ஒரு ஒட்டுப்போர்வ தச்சுக் குடுடி, பருத்தியில, மெத்துனு," என்றாள். ஊரெல்லாம் தைத்துக் கொடுத்துவிட்டுத் தங்களுக்கென்று ஒன்று வைத்துக்கொள்ளாத இரண்டு பைத்தியக்காரிகள். டெலிபோன் ஆபீஸிலிருந்து ஓய்வு பெற்ற மறுமாதமே அக்கா செல்போனில் எதையோ பார்த்துவிட்டு வந்து, துண்டு துண்டாய் வெட்டி ஒட்டுப் போட்டு நடுவே பஞ்சு வைத்துத் தைக்கிறார்கள், நாமும் தைப்போம் என்று ஆரம்பித்ததுதான். அக்கா நிறம் பார்ப்பாள், கமலவேணி மெஷினில் உட்காருவாள். திருச்சி வெயிலுக்கு இதை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று யாருக்கும் தெரியவில்லை. ஒருத்தர் சோபாவில் விரித்தார், ஒருத்தர் ஸ்கூட்டரை மூடினார், நாத்தனார் வீட்டில் அதன்மேல் அப்பளம் காயவைத்திருந்ததைப் பார்த்துவிட்டு அக்கா ஒரு வாரம் சாப்பிடாமல் இருந்தாள், சாப்பிடாமல் என்றால் கோபத்தில் சாப்பிடாமல், அது வேறு. அது எவ்வளவு நல்ல சாப்பிடாமல்.

"ஒட்டுப்போர்வதானேக்கா? இது பாருங்க, புது டிசைன் வந்துருக்கு," என்று ரெஜினா கல்லாப் பக்கமிருந்து ஒரு பாக்கெட்டைக் கொண்டுவந்து முன்னால் வைத்தாள். கண்ணாடிக் காகிதத்துக்குள் சதுரம் சதுரமாக வெட்டி அடுக்கிய துணி. மேலே போர்வை முடிந்தால் எப்படி இருக்கும் என்று ஒரு படம், அந்தப் போர்வையைப் போர்த்திக்கொண்டு வெள்ளைக்காரக் குழந்தை ஒன்று சிரித்தது. நூல், பஞ்சு, அடித்துணி எல்லாம் உள்ளேயே. "எதுக்குப் பக்கத்துல எதுன்னு நம்பர் போட்டுருக்காங்க. நனைக்க வேணாம், வெட்ட வேணாம், அப்படியே மெஷின்ல குடுக்க வேண்டியதுதான். எங்க எதுத்த வீட்டக்கா ஒரே வாரத்துல முடிச்சுட்டாங்க." ஒரே வாரத்தில். கமலவேணியின் கை தன்னாலே பாக்கெட்டுக்குப் போய், தொட்டதும் சுட்டது போல மடிக்குத் திரும்பியது. வெட்டின காயை வாங்கிக் குழம்பு வைக்கிறவளுங்க வாங்கற சமாச்சாரம்டி இது என்பாள் அக்கா. போன தீபாவளிக்கு முன்னால் இதே கடையில், இதே மாதிரி ஒரு பாக்கெட்டை ரெஜினா நீட்டியபோது, இது தையலா, இல்ல பரீட்சைக்குக் கோடிட்ட இடத்த நிரப்பறதா என்று அக்கா கேட்க, கடையே சிரித்தது. யாரோ ஒருத்தன் எங்கேயோ உட்கார்ந்து எனக்கு எது பிடிக்கும்னு முடிவு பண்ணி வெட்டி அனுப்புவான், நான் அதைச் சேர்த்துத் தைக்கணுமா, அப்ப நான் எதுக்கு? அக்காவின் வாயை யார் கட்ட முடியும். அந்த வாய்தான் இப்போது ஒரு நாளைக்கு நாலு வார்த்தை பேசுகிறது. தண்ணி, ஜன்னல், வேணி, போதும்.

பாக்கெட் வாங்கினால் போர்வை ஒரு வாரத்தில் அக்காவின் மேல் இருக்கும். துணி எடுத்தால் இருக்காது. அவ்வளவுதான் விஷயம், இதில் யோசிக்க என்ன இருக்கிறது என்று கமலவேணி யோசித்தாள். துணி எடுத்தால் அக்காவின் முறைப்படி செய்ய வேண்டும். உப்புத் தண்ணீரில் ஊறப்போட்டு, சாயம் போகிறதா என்று பார்த்து, போனால் இன்னொரு தடவை ஊறப்போட்டு, நிழலில் காயவைத்து, இஸ்திரி போட்டு, வெட்டி, கூடத்துத் தரையில் பரப்பி, அப்படியே விட்டுவிட்டு, போகும்போதும் வரும்போதும் பார்த்து, இதை எடுத்து அங்கே வைத்து, அதை எடுத்து இங்கே வைத்து, யாரும் கூடத்தில் கால் வைக்கக் கூடாது, மாமா சுவரோரமாகப் பல்லி மாதிரி நடந்து போவார். செழியன் கல்யாணத்துக்குத் தைத்த நீலப் போர்வை ஆடியில் ஆரம்பித்துத் தையில் முடிந்தது. ஆனால் பாக்கெட்டோடு போய் நின்றால் அக்கா பார்ப்பாள். பார்த்த மாத்திரத்தில் தெரிந்துகொண்டுவிடுவாள். வேணிக்கு என்ன அவசரம் என்று கேட்க மாட்டாள், அவளுக்குக் கேட்கத் தேவையிருக்காது, என் தங்கச்சி வெட்டின துணி வாங்கிக்கிட்டு வந்திருக்கா என்றால் என்ன அர்த்தம் என்று அவளுக்குத் தெரியும். ஒரு குடும்பமே மூச்சு விடாமல் காப்பாற்றி வைத்திருக்கிற ஒன்றை இந்தக் கண்ணாடிக் காகிதம் போட்டு உடைத்துவிடும். அதற்காக மெதுவாகத் தைப்பதா? நாளெல்லாம் இருக்கிறது என்று காட்டிக்கொள்வதற்காக, குளிரில் நடுங்குகிறவளுக்கு முன்னால் துணியை நிழலில் காயப்போட்டுக்கொண்டிருப்பதா? அப்புறம் அது எதன்மேல் போர்த்த? கமலவேணிக்கு வயிற்றைப் பிசைந்தது. அந்த நினைப்பை அவள் முழுசாக நினைக்கவில்லை, பாதியிலேயே புடவைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

வயிற்றைப் பிசைகிறதே, இதுவும் அதுவோ. அக்காவுக்கும் இப்படித்தான் ஆரம்பித்தது, வாயு என்று இஞ்சிச் சாறு குடித்தாள், ஓமம் மென்றாள். ஒரே அம்மா வயிற்றில் பிறந்தவர்கள், அவளுக்கு வந்தது எனக்கு வராதா. ராத்திரி படுத்தால் கை தானாக விலாவுக்கடியில் போய் அமுக்கிப் பார்க்கிறது, கல்லாட்டம் ஏதாவது இருக்கிறதா என்று. சீ, என்ன ஜென்மம் இது. அங்கே அவள் கிடக்கிறாள், நான் எனக்காகப் பயப்படுகிறேன். ஆனால் பயத்தை விடக் கொடுமை ஒன்று இருக்கிறது, அதை யாரிடம் சொல்ல. அக்காவிடம் பேச ஒன்றுமில்லாமல் போய்விட்டது. பாவாடை வயதிலிருந்து பேசிக்கொண்டே வந்தவர்கள், கல்யாணமான பிறகும் ஒரே ஊரில் ரெண்டு தெரு தள்ளி வாழ்ந்து பேசிக்கொண்டே இருந்தவர்கள், சண்டை போட்டால் கூட போனில் கூப்பிட்டு, உன்கிட்டப் பேச மாட்டேன் என்று சொல்லிவிட்டு அரை மணி நேரம் பேசியவர்கள். இப்போது கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து, வெயில் அதிகம்க்கா என்கிறாள், மாம்பழம் வந்திருக்குக்கா என்கிறாள், பக்கத்து வீட்டில் வெள்ளையடிக்கிறார்கள் என்கிறாள். பொய்யைச் சுற்றி நடக்க வேண்டியிருக்கிறது, கூடத்தில் பரப்பிய துணியை மிதிக்காமல் மாமா நடப்பது போல. எல்லா வழியிலும் அது பரந்து கிடக்கிறது. பயமா இருக்காக்கா என்று கேட்க முடியவில்லை. எனக்குப் பயமா இருக்குக்கா என்று சொல்ல முடியவில்லை. அக்காவிடம் சொல்லாமல் கமலவேணி இதுவரை எதற்குப் பயந்திருக்கிறாள்? அக்கா சாவதற்கு முன்னாலேயே அக்காவைப் பறிகொடுத்துவிட்ட மாதிரி இருக்கிறது. மாமா வேறு. இத்தனை வருஷமும் அக்காவின் சர்க்கரைக்குப் போலீஸ்காரராக இருந்தவர், காப்பியில் ஒரு சிட்டிகை கூடினால் டம்ளரைப் பிடுங்குகிறவர், இப்போது தினம் ஒரு பொட்டலம் அல்வா வாங்கிவருகிறார். பிடிச்சதைக் குடுங்கன்னு டாக்டர் சொன்னாரில்ல என்கிறார். முழம் பூ வாங்கி வருகிறார், அதைத் தலையில் வைக்கத் தெரியாமல் தலையணை மேல் வைக்கிறார். இப்படியா ஒரு மனுஷர் பொய் சொல்லுவார், தெருவில் போகிறவனுக்குக் கூடப் புரிந்துவிடுமே. ஆனால் அக்கா ஒன்றும் கேட்பதில்லை, அல்வாவை ஒரு விரலில் தொட்டு நக்கிவிட்டு, நல்லாருக்கு என்கிறாள், மாமா முகம் மலர்ந்துபோகிறது.

"என்னக்கா, பாக்கெட்டே போட்டுரவா?" என்றாள் ரெஜினா. "வேணாம் வேணாம்," என்று கமலவேணி பதறியது கொஞ்சம் அதிகமாகவே இருந்தது. "துணியே எடுத்துக்கறேன். அந்த அரக்கு எடு. அதுக்குப் பக்கத்துல இருக்கறது. இல்ல, அதுக்கும் மேல." துணி வந்து மேஜையில் விழுந்து உருண்டது. அக்கா என்ன செய்வாள்? முதலில் விரலுக்கிடையில் தேய்த்துப் பார்ப்பாள். கமலவேணியும் தேய்த்தாள், துணி துணியாக இருந்தது. அப்புறம் டியூப் லைட்டு பொய் சொல்லும்டி என்று வாசலுக்குத் தூக்கிக்கொண்டு போவாள். கமலவேணியின் கல்யாணப் புடவையை அப்படித்தான் கடைப்படி தாண்டி ரோட்டுக்கே கொண்டுபோய் வெயிலில் பிரித்தாள், முதலாளி செருப்புப் போடாமல் பின்னாலேயே ஓடிவந்தார். இன்று கமலவேணி அரக்கை ஒரு தோளிலும் சந்தனத்தை ஒரு தோளிலும் போட்டுக்கொண்டு வாசலில் போய் நின்றாள். தெருவில் வெயில் கண்ணைக் குத்தியது. கரும்புச்சாறு வண்டிக்காரர் அவளைப் பார்த்தார். வெளிச்சத்தில் அரக்கு கொஞ்சம் சிவந்து தெரிந்தது, சந்தனம் கொஞ்சம் வெளுத்துத் தெரிந்தது, அவ்வளவுதான். வெளிச்சத்தில் என்ன பார்க்க வேண்டும் என்று அக்கா சொல்லித்தந்ததே இல்லை. சொல்லித்தர ஏன் தோன்றப்போகிறது, அவள்தான் எப்போதும் வரப்போகிறாளே. நல்லாருக்காக்கா என்று தெருவைப் பார்த்துக் கேட்கத் தோன்றியது. இனி ஒவ்வொரு தீபாவளிக்கும் ஒவ்வொரு கல்யாணத்துக்கும் இப்படித்தான் தோளில் துணியைப் போட்டுக்கொண்டு ஏதோ ஒரு வாசலில் நின்று யாரையும் கேட்க முடியாமல் நிற்கப்போகிறோம் என்று நினைத்தபோது அழுகை முட்டிக்கொண்டு வந்தது, தெருவென்று பார்த்து அடக்கினாள்.

உள்ளே வந்து இரண்டையும் மேஜையில் வைத்தாள். நல்லாருந்தால் என்ன, இல்லாவிட்டால் என்ன. எடுத்துவிடுவோம். மெதுவாக ஊறப்போடுவோம், அக்காவின் கண்முன்னாலேயே காயப்போடுவோம், துண்டுகளை அவள் கட்டிலிலேயே பரப்பி, இது எங்க வைக்கட்டும்க்கா, அது எங்க வைக்கட்டும்க்கா என்று கேட்போம், அதில் ஒரு மாதம் ஓடும், ஓடும்போது அவள் இருப்பாள். போர்வை முடியாத வரைக்கும் அவள் இருந்தாக வேண்டும் என்று யாரிடமோ பேரம் பேசுவது போல ஒரு நினைப்பு வந்தது. குளிருக்கு இப்போதைக்கு மாமாவின் கம்பளியின் அடியில் ஒரு பழைய வேட்டியை வைத்துத் தைத்துவிட்டால் குத்தாது. ஆமாம், அது போதும். "வெட்டவாக்கா?" என்று கத்தரிக்கோலைத் திறந்து வைத்துக்கொண்டு கேட்டாள் ரெஜினா. "வெட்டு," என்றாள். கத்தரி அரக்குக்குள் நுழைந்து, அரைவாசி ஓடியதும், மிச்சத்தை ரெஜினா கையாலேயே பர்ரென்று கிழித்தாள். அந்தச் சத்தம் அடங்குவதற்குள் கைப்பைக்குள் போன் அடித்தது. அக்காவுக்கென்று வைத்த பாட்டு, அக்காவின் போனிலிருந்துதான். அக்கா போனைத் தொட்டே பல நாளாகிறது. கமலவேணி துழாவினாள், பைக்குள் சாவி, சீப்பு, பழைய பஸ் டிக்கெட்டெல்லாம் கையில் வந்தன, போன் மட்டும் வரவில்லை. மாமாதான் கூப்பிடுகிறார், அதைச் சொல்லத்தான் கூப்பிடுகிறார், இந்த அரக்கை வெட்டச் சொன்ன நேரத்தில். எடுத்துக் காதில் வைத்தபோது மூச்சுதான் முதலில் கேட்டது.

"எங்கடி இருக்க?" அக்காதான். "கடையிலக்கா. நம்ம மேட்சிங் சென்டர்ல." "ரெஜினா இருக்காளா?" "இருக்கா." "என்ன நெறம் எடுத்த?" "அரக்குக்கா. கூட ஒரு சந்தனம்." கமலவேணி வசவுக்குக் காத்திருந்தாள். கோயில் சுவரா அடிக்கப்போற என்று கேட்பாள், கேட்கட்டும், எவ்வளவு நாளாயிற்று. "நல்லாத்தான்டி இருக்கும்," என்றாள் அக்கா. மாடியறைச் சுவர்க்கடிகாரம் போனுக்குள் கேட்டது. "உங்க மாமா இளநி வாங்கப் போயிருக்காரு. அதான் பேசறேன். வேணி, நனச்சு காயப்போட்டு எல்லாம் பாத்துக்கிட்டு இருக்காதடி. வெட்டி வச்சு பாக்கெட்டுல விப்பாங்களே, அத வாங்கிட்டு வந்துரு." "அதெல்லாம் ஒரு துணியான்னு நீதானக்கா..." என்று ஆரம்பித்தாள் கமலவேணி. "நான்தான் சொன்னேன். இப்ப வாங்கிட்டு வான்னு சொல்றேன். எனக்குக் குளுருதுடி." "அக்கா." "அழுவாத. கடையில நின்னுகிட்டு அழுவாத. வீட்டுக்கு வா, ரெண்டு பேரும் அழலாம், உங்க மாமா தூங்கின பெறகு. அவருகிட்ட மட்டும் சொல்லிடாத. எனக்கு ஒண்ணும் தெரியாதுன்னு நெனச்சுக்கிட்டு இருக்காரு மனுஷன். பாவம், அந்த நெனப்புலதான் நடமாடறாரு." கீழே கேட் திறக்கும் சத்தம் போனுக்குள் கேட்டது. "வந்துட்டாரு, வெக்கறேன்," என்று அக்கா வைத்துவிட்டாள்.

கமலவேணி போனைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். தெரியுமா. எப்போதிலிருந்து? அல்வாவிலிருந்தா, பூவிலிருந்தா, அந்த வராந்தாவில் மாமாவின் சிரிப்பைப் பார்த்த நிமிஷத்திலிருந்தா. தெரிந்துகொண்டுதான் வெள்ளையடிக்கிற கதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தாளா. நாம் எல்லாரும் அவளைக் காப்பாற்றுகிறோம் என்று நினைத்துக்கொண்டிருக்க, அவள் படுத்த படுக்கையில் ஒவ்வொருவராக நம்மைக் காப்பாற்றிக்கொண்டிருந்தாளா, தனியாக, குளிரில். கண்ணில் முட்டியது இப்போது கேட்காமலே வழிந்தது. ரெஜினா கத்தரியை வைத்துவிட்டு அவளையே பார்த்தாள். "என்னக்கா ஆச்சு? சந்தனத்த வெட்டவா, வேணாமா?"

"வேணாம். அந்தப் பாக்கெட்டையே குடு. கிழிச்ச அரக்கையும் சேத்துப் போடு, அது என் தப்பு." "எந்தப் பாக்கெட்டுக்கா, பூப் போட்டதா, கட்டம் போட்டதா? என்ன திடீர்னு? பெரியக்காவுக்குத்தான் இது ஆவவே ஆவாதே." கமலவேணி வாயைத் திறந்தபோது வழக்கமான பொய் நாக்கில் தயாராக வந்து நின்றது. அதைத் தள்ளிவிட்டு வேறொன்று வெளியே வந்தது.

"அக்கா செத்துப் போயிடுவா ரெஜினா," என்றாள். "பூவோ கட்டமோ, எது சீக்கிரம் முடியும்னு பாத்துக் குடு."